தன்மைப் பன்மை

புதன் பின்னேரம், மூன்றாம் மாடி.
ஏசி இரண்டு கிழமையாய்ப் பழுது.
தேர்ஸ்டன் ரோட்டு ஹோர்ன் சத்தம்
கரும்பலகை வரைக்கும் வந்து போகிறது.

போர்த்துக்கலில் இருந்து வந்த இனெஸ் மிஸ்
யன்னலைத் தொட்டு "ஜனேலா" என்றார்.
மேசையைத் தட்டி "மேசா."
காலைத் தூக்கிச் சப்பாத்தைக் காட்டியபோது
வகுப்பு முழுக்கச் சிரித்துவிட்டது.
"தெரிந்ததைப் படிக்கவா காசு கட்டினோம்"
என்றான் பின்வாங்கில் ராகல்.
வாங்கும் அவர்களுடையதுதானாம்.

அந்த வாங்கொன்றில்தான் ஒரு மாதமாய்
நானும் நெத்மியும்.
அவளுக்குத் தமிழ் வராது.
என் சிங்களம் பஸ்ஸுக்குப் போதும்.
நடுவே ஒழுகிக்கொண்டிருந்தது ஓர் ஆங்கிலம்.
அன்றைக்கு அவள் முகம் துடைக்கத் துணியை எடுத்தாள்.
லேஞ்சி, என்றேன்.
லேன்சுவ, என்றாள்.
கதிரைக்கு மட்டும் அவளிடம் வேறு சொல் இருந்தது.
அப்ப நீங்கள் எல்லாரும் நிலத்திலா இருந்தீர்கள்
என்று கேட்க ஆசை.
பகிடி விடுகிற அளவுக்குச் சிங்களம் காணாது.

வீட்டுப்பாடம்:
சந்தையில் இருவர் பேசுவதாய்ப் பத்து வரி.
பாண், அன்னாசி, கோப்பை, பீப்பா
தாமாகவே வந்து குந்தின.
வினைச்சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதி.
ஐந்நூறு வருசத்துக்கு முந்திய கப்பலில்
சாமான் மட்டும்தான் இறங்கியிருக்கிறது.
வாங்கினது விற்றது அடித்தது அழுதது
எல்லாம் அவரவர் பாஷையிலேயே
செய்து முடித்திருக்கிறோம்.

ராகலிடம் மட்டும் வினை இருந்தது.
மட்டக்களப்புப் பறங்கியர்.
சண்டை வந்தால் அப்பாவுக்கு அந்த மொழிதான், என்றான்.
அவன் கொப்பியில் இனெஸ் மிஸ்
ஏழு இடத்தில் சிவப்புக் கோடு இழுத்தார்.
எட்டாவதில் பேனை நின்றது.
"இதை இன்னொருக்கால் சொல்."
சொன்னான்.
தன் கொப்பியில் அதை எழுதிக்கொண்டார்.
போட்ட கோடுகளை அழிக்கவில்லை.

எனக்கு என் அப்பாவின் சிங்களம் ஞாபகம் வந்தது.
கொட்டாஞ்சேனையில் முப்பது வருசம்,
தெரிந்ததெல்லாம் ஏவல் வினை.
காட்டு. திற. இறங்கு. கையைத் தூக்கு.
சொன்னவன் பெயர்
எந்த வாக்கியத்திலும் இல்லை.
சாவடி இருந்த இடத்தில் இப்போது ஜூஸ் கடை.
அதைத் தாண்டும்போது அவருடைய கை
தானாகவே சட்டைப்பைக்குப் போகிறது.

அடுத்த கிழமை தன்மைப் பன்மை.
"உங்கள் மொழிகளில் இதற்கு என்ன?"
தமிழில் இரண்டு, என்றேன்.
கேட்கிறவரைச் சேர்த்து ஒன்று.
வெளியே விட்டு ஒன்று.
எங்களுக்கு ஒன்றுதான், அபி, என்றாள் நெத்மி.
பிறகு என் பக்கம் குனிந்து மெதுவாக:
"என்னோடு பேசும்போது நீ எதைப் போடுவாய்?"
உன்னோடு நான் தமிழில் பேசினதில்லையே, என்றேன்.
அது விடை மாதிரி இருக்கவில்லை.

ஆறு மணிக்கு மழை.
அவளிடம் குடை. ஒரு கம்பி உடைந்தது.
அவளுக்கும் அது குடைதான், கடைசியில் ஒரு இழுப்போடு.
எந்தக் கப்பலிலும் வந்த சொல் இல்லை.
மட்டக்குளி பஸ் நிற்பாட்டாமல் போய்
இரண்டு பாவாடையிலும் சேறு.

"ஒரு வினை சொல்லித்தா.
கட்டளை வேண்டாம்."

தோளில் ஒழுகுவதைப் பார்த்து யோசித்தேன்.
நனைகிறோம், என்றேன்.

நனை. கி. றோம்.
றகரத்தில் வழுக்கி, மறுபடி ஏறினாள்.

எழுவாய் இல்லாமலும் இந்த வாக்கியம் நிற்கும்,
நாமா நாங்களா என்று
வினை காட்டிக்கொடுக்காது
என்பதை அவளுக்கு நான் விளக்கவில்லை.
தூரத்தில் அடுத்த பஸ்ஸின் வெளிச்சம்.
கை காட்டினோம்.